மைக்ரோவேவ் லிங்க்கில் வீலேன்: டவரடியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அம்பாசமுத்திரம், காவல்கிணறு, திசையன்விளை என்று சுற்றுவட்டாரம் முழுக்க மைக்ரோவேவ் ஹாப் (இரண்டு டவரில் டிஷ் வைத்துக் காற்றுவழியாகப் போடும் ஓர் இணைப்பு) போடுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. புதிதாக வேலைக்கு வந்த தம்பிகளும், கேபிள் டிவி நடத்திவிட்டு இன்டர்நெட் தொழிலுக்கு வந்த அண்ணாச்சிமாரும் போனில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னல் கொண்டுவந்துவிடுவார்கள். வீலேன் (VLAN, ஒரே வழியில் பல நெட்வொர்க்குகளைக் கலக்காமல் தனித்தனியாக ஓட்டும் முறை) என்றதும் கை நின்றுவிடும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரண நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டை ஹப். அங்கிருந்து நாங்குநேரி, பிறகு வள்ளியூர், கடைசியில் ராதாபுரம். மொத்தம் மூன்று ஹாப். வீலேன் 100 மேனேஜ்மென்ட் (ரேடியோக்களைத் தூரத்தில் இருந்தே திறந்து பார்க்கவும் மாற்றவும் நாம் போகும் வழி), 201 வாய்ஸ், 301 இன்டர்நெட், 401 கேமரா. நம்பர்கள் நான் மாதிரிக்கு வைத்தவை.

"அண்ணாச்சி, மைக்ரோவேவ்ங்கிறது ரெண்டு டவருக்கு நடுவுல இழுத்த நீளமான கேபிள் மாதிரிதானே? அதுக்குள்ள வீலேன் எதுக்கு?"

பழைய ரேடியோக்களில் இந்தக் கேள்வியே வராது. அப்போது போனது ஈ1 என்ற தனித்தனி லைன்கள். ஒவ்வொன்றும் 2.048 எம்பிபிஎஸ், ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி போர்ட். நாங்குநேரியில் மூன்றாவது ஈ1-இல் நுழைத்தது பாளையங்கோட்டையில் மூன்றாவது ஈ1-இல்தான் வெளியே வரும். கலக்க வழியே இல்லை.

இப்போது எல்லாம் ஈதர்நெட். ஐடியு (இன்டோர் யூனிட், ரேடியோவின் உள்பெட்டி) என்று ஷெல்டருக்குள் வைக்கிறோமே, அதற்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. போன் கால், இன்டர்நெட், கேமரா எல்லாம் அதில் நுழைந்து ஒரே காற்றுவழியில் போகின்றன. களக்காட்டிலிருந்து கிளம்பும் வாழைத்தார் லோடை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே லாரியில் நாலு வியாபாரிகளின் தார் ஏறும். தண்டில் போட்ட குறியைப் பார்த்துத்தான் இறக்கும் இடத்தில் பிரிப்பார்கள். அந்தக் குறிதான் வீலேன் டேக்.

"டேக்குன்னா சரியா என்ன? எங்க ஒட்டுதாங்க?"

ஈதர்நெட்டில் டேட்டா ஃப்ரேம் என்ற பொட்டலமாகப் போகும். அதில் அனுப்புகிற சாமானின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள அடையாள எண்) அடுத்தபடியாகச் செருகும் 4 பைட்தான் டேக். 802.1க்யூ என்ற தரநிலை இதை வகுத்தது. முதல் 2 பைட்டில் 8100 என்ற பதினாறடிமான எண் இருக்கும். ‘இது டேக் உள்ள ஃப்ரேம்’ என்ற அடையாளம் அது. அடுத்த 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமை, 1 பிட் நெரிசல் வந்தால் தள்ளிவிடலாமா என்ற குறிப்பு, மீதி 12 பிட் வீலேன் நம்பர்.

12 பிட் என்றால் 0 முதல் 4095 வரை. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. ஆகவே நமக்குக் கிடைப்பது 1 முதல் 4094. அந்த 3 பிட் முன்னுரிமையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மழைக் கேள்விக்கு வரும்போது அதன் அருமை தெரியும்.

"ஆக்சஸ் போர்ட், டிரங்க் போர்ட்... எதை எங்க போடணும்?"

டேக் என்றால் என்னவென்றே தெரியாத சாமானை மாட்டும் போர்ட் ஆக்சஸ். ராதாபுரத்தில் கேமராவை நேராக ஐடியுவில் மாட்டினால் அந்த போர்ட் ஆக்சஸ் 401. உள்ளே வரும்போது ஐடியு 401 டேக்கை ஒட்டும், வெளியே போகும்போது கழற்றிவிடும். டேக்கோடு பேசத் தெரிந்த ரவுட்டர், ஸ்விட்ச், பேஸ் ஸ்டேஷன் மாட்டும் போர்ட் டிரங்க். ரேடியோ பக்கம் பல வீலேன்கள் போவதால் எப்போதும் டிரங்க்தான்.

பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹுவாய் ஆர்டிஎன்னில் ‘டேக் அவேர்’, ‘ஆக்சஸ்’, ‘ஹைப்ரிட்’ என்று இருக்கும். செராகன் ஐபி-20-இல் போர்ட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு சர்வீஸை உருவாக்கி அதில் ‘சர்வீஸ் பாயிண்ட்’களைச் சேர்க்கச் சொல்லும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். எந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாலும் நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்வேன். இந்த போர்ட்டில் டேக்கோடு வருவதை வாங்குமா? டேக் இல்லாமல் வந்தால் எந்த வீலேனில் போடும்? வெளியே விடும்போது டேக்கைக் கழற்றுமா, வைத்திருக்குமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அந்த போர்ட் புரிந்துவிட்டது.

"ராதாபுரத்துல 301 சேத்துட்டேன், பாளையங்கோட்டையிலயும் சேத்துட்டேன். ஏன் இன்னும் வரல?"

நடுவில் நாங்குநேரியும் வள்ளியூரும் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரேடியோ இந்தப் பக்கம் பார்க்கும், இன்னொன்று அந்தப் பக்கம் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் பேட்ச் கார்டு என்ற சின்னக் கேபிள் ஒன்று. விரல் விட்டு எண்ணுங்கள்: மூன்று ஹாப் என்றால் ஆறு ஐடியு. ஒவ்வொன்றிலும் ரேடியோ பக்கம் ஒன்று, கேபிள் பக்கம் ஒன்று என்று 301 பன்னிரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டாலும் மொத்தமும் நிற்கும். ஒரே ஐடியுவில் இரண்டு திசையையும் மாட்டியிருந்தால் எண்ணிக்கை குறையும், கணக்கு அதேதான்.

இதனால்தான் லேப்டாப்பைத் திறக்குமுன் ஒரு தாளில் கோடு போட்டுப் பன்னிரண்டு புள்ளி வைக்கச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் டிக் அடியுங்கள். மனதில் வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் வள்ளியூரில் கேபிள் பக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்த பாதிக் கேஸ் இப்படித்தான் இருந்தது.

"ஒண்ணுமே போடாம அப்படியே விட்டாலும் ஓடத்தானே செய்யுது?"

ஓடும். எந்த டேக் வந்தாலும் தொடாமல் அந்தப் பக்கம் தள்ளிவிடும் முறை பல ரேடியோக்களில் உண்டு. ஒரே ஹாப், இந்தப் பக்கம் ஒரு ரவுட்டர், அந்தப் பக்கம் ஒரு ரவுட்டர் என்றால் நானே அப்படித்தான் விடுவேன். வீலேன் வேலையை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும், ரேடியோவில் தப்பு நேர இடமே இல்லை.

ஹாப் மூன்று நாலு ஆகி, நடுவிலும் ஆள் சேர்ந்தால் இது சரிப்படாது. வள்ளியூரில் ஒருவர் வீட்டு ரவுட்டரைத் தலைகீழாக, அதாவது வேன் போர்ட்டுக்குப் பதில் லேன் போர்ட்டில், மாட்டினால் அது ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துப் பாளையங்கோட்டை வரை குழப்பும். ஓரிடத்துப் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் என்று அனுப்பும் பாக்கெட்) எல்லா ஹாப்பிலும் போய்க் காற்றுவழியைத் தின்னும். ரேடியோவில் அலைவரிசைக்குப் பணம் கட்டுகிறோம். அதில் குப்பை ஓட விடலாமா?

"மேனேஜ்மென்ட்டுக்குத் தனி வீலேன் வேணுமா? ஒரே லேனுல வச்சா என்ன?"

கட்டாயம் தனி. ராதாபுரம் ஐடியுவைப் பாளையங்கோட்டையில் இருந்து திறக்கிறோம் என்றால் அதே காற்றுவழியில்தான் போகிறோம். வாடிக்கையாளரின் ட்ராஃபிக்கோடு அது கலந்திருந்தால், அங்கே பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் புயலாகக் கிளம்பும் நேரத்தில், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், உள்ளே போக முடியாது. வாடிக்கையாளரின் லேப்டாப்பில் இருந்து நம் ரேடியோவின் லாகின் பக்கம் தெரிவதும் நல்லதல்ல.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இது. மணிமுத்தாறுக்கு மேலே மலையில் ஒரு சைட். சாயங்காலம் கீழே ஷெல்டரில் உட்கார்ந்து மேலே இருக்கும் ரேடியோவில் 301-ஐச் சேர்க்கப் போனேன். அனுமதித்த வீலேன்கள் என்ற கட்டத்தில் 100, 201 என்று இருந்தது. அதை அழித்துவிட்டு 301 என்று மட்டும் அடித்து ‘அப்ளை’ கொடுத்தேன். பழையதோடு இது சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். சேரவில்லை, பழையதை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பக்கத்து விண்டோவில் ஓடிக்கொண்டிருந்த பிங் (அந்தப் பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) நின்றது. ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வரிவரியாக இறங்கியது. சிக்னல் லெவல் அப்படியே இருக்கிறது, லிங்க் அப் என்று காட்டுகிறது, ஆனால் மேலே யாருக்கும் போன் இல்லை, எனக்கும் வழி இல்லை. இருட்டிவிட்டதால் புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை விடவில்லை. மறுநாள் காலையில் தூறலில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏறினேன். லேப்டாப்பை மாட்டி 100, 201, 301 என்று அடிக்க இரண்டு நிமிடம் ஆனது. ஓர் இரவு முழுக்க ஒரு மலைக்கே போன் இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். 100 என்பது நாம் பிடித்துத் தொங்கும் கயிறு. அதைத் தொடும் வேலை என்றால் கையை எடுத்துவிட்டு ஒரு தரம் முழுக்கப் படியுங்கள்.

"எந்தப் பக்கத்தை முதல்ல மாத்தணும்?"

தூரத்துப் பக்கத்தை. ஃபார் எண்ட் என்கிறோமே, அதை. மேனேஜ்மென்ட்டை வீலேன் 1-இலிருந்து 100-க்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்துப் பக்கத்தை முதலில் மாற்றினால், இதுவரை டேக் இல்லாமல் போன பாக்கெட் 100 டேக்கோடு போகும். தூரத்து ரேடியோவுக்கு அது புரியாது, வாங்காது. தூரத்தை முதலில் மாற்றினால் அது ஒரு கணம் கைவிட்டுப் போகும். பிறகு கிட்டத்தை மாற்றியதும் திரும்ப வந்துவிடும். மூன்று ஹாப் என்றால் ராதாபுரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாளையங்கோட்டையை நோக்கி வாருங்கள்.

இன்னும் நல்ல வழி, மாற்றாமல் சேர்ப்பது. எல்லா ஹாப்பிலும் 100-ஐப் புதிதாகச் சேர்த்து, அது கடைசிவரை போகிறது என்று பார்த்த பிறகு பழையதை எடுங்கள். பல ரேடியோக்களில் ‘ரோல்பேக் டைமர்’ போன்ற வசதி உண்டு. பத்து நிமிடத்தில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய கான்ஃபிகரேஷனுக்கே திரும்பிவிடும். மேலே சொன்ன இரவில் நான் அதைப் போட்டிருந்தால் மலை ஏறியிருக்க வேண்டாம்.

"வீலேன் 1-ஐ மட்டும் ஏன் தொடாதேங்கீங்க?"

பெரும்பாலான பெட்டிகள் கம்பெனியில் இருந்து வரும்போதே எல்லா போர்ட்டையும் 1-இல் வைத்திருக்கும். டேக் இல்லாமல் வருவதெல்லாம் அங்கே போய் விழும். அதாவது குறி இல்லாத தார்கள் எல்லாம் ஒரே குவியலில். புதிதாக மாட்டிய எந்தச் சாமானும் கேட்காமலே அந்தக் குவியலில் சேர்ந்துவிடும். அங்கே நம் சர்வீஸையோ மேனேஜ்மென்ட்டையோ வைக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், டிரங்க்கின் இரு பக்கமும் டேக் இல்லாததைப் போடும் வீலேன் வேறுவேறாக இருப்பது. இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 301 என்று இருந்தால் இங்கே 1-இல் கிளம்பியது அங்கே 301-இல் முளைக்கும். யாருக்கும் அலாரம் வராது. ஆகவே டிரங்க்கில் எல்லாமே டேக்கோடு போகட்டும், டேக் இல்லாமல் வந்தால் தள்ளிவிடட்டும்.

"நம்பர் எப்படி ஒதுக்குறது? இஷ்டத்துக்கு வைக்கலாமா?"

வைக்கலாம், ஆறு மாதம் கழித்து நீங்களே தடுமாறுவீர்கள். நூறுகளில் சர்வீஸ் வகையையும், கடைசி இரண்டு இலக்கத்தில் சைட்டையும் வைப்பது எனக்குப் பழகிய முறை. 401 முதல் 499 வரை கேமரா என்றால் 417-ஐப் பார்த்ததும் கேமரா, பதினேழாவது சைட் என்று தெரிந்துவிடும். இடையில் வேறொருவரின் நெட்வொர்க்கில் இதே நம்பர் ஏற்கெனவே இருந்தால், எல்லையில் உள்ள போர்ட்டில் மட்டும் நம்பரை மாற்றிக்கொடுக்கும் வசதி பல ரேடியோக்களில் இருக்கிறது. அவசரத்துக்குப் பயன்படுத்துங்கள், பழக்கமாக்க வேண்டாம்.

"ரெண்டு பக்கமும் வேற வேற கம்பெனி ரேடியோ. வீலேன் ஒத்துப்போகுமா?"

ஒரே ஹாப்பின் இரு முனையிலும் வேறு கம்பெனி வைத்தால் லிங்க்கே வராது. காற்றில் பேசும் மொழி ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தம். ஆனால் நாங்குநேரி வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வள்ளியூருக்கு வேறு கம்பெனி என்றால் பிரச்சினை இல்லை. நடுவில் இருப்பது சாதாரண ஈதர்நெட் பேட்ச் கார்டு. 802.1க்யூ எல்லோருக்கும் பொது.

"ரேடியோ லெவல் மைனஸ் 40, லிங்க் பச்சை. பிங் மட்டும் போகல. என்ன கொடுமை அண்ணாச்சி?"

அதிகம் வரும் போன் இதுதான். மைனஸ் 40 டிபிஎம் என்பது காற்று நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வீலேனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இங்கே டிஷ்ஷைத் தொடவே தொடாதீர்கள். பிங் போகவில்லை என்று டவர் ஏறி அலைன்மென்ட்டைக் கலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பழுது இரண்டாகிவிடும். (லெவல் நிலையாக இல்லாமல் ஆடுகிறது என்றால் அது வேறு. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் மவுண்ட் போல்ட் தளர்ந்து டிஷ் அசையும். அதை முதலில் பாருங்கள்.)

பிங்கை விட்டுவிட்டு மேக் டேபிளை, அதாவது எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில், எந்த வீலேனில் வந்தது என்று ஐடியு வைத்திருக்கும் பட்டியலை, பாருங்கள். ராதாபுரம் சாமானின் மேக் முகவரி ராதாபுரம் ஐடியுவில், வீலேன் 301-இல் தெரிகிறதா? தெரிந்தால் வள்ளியூரில் பாருங்கள். அப்புறம் நாங்குநேரி. எந்த இடத்தில் மறைகிறதோ அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் தப்பு. பன்னிரண்டு புள்ளித் தாளை எடுத்து அந்த இரண்டு புள்ளியை மட்டும் பார்த்தால் போதும். மேக் வேறு வீலேனில் தெரிகிறது என்றால் ஆக்சஸ் போர்ட்டில் நம்பர் தவறு.

லேப்டாப்பை வைத்துச் சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். டிரங்க் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினால் அது டேக் இல்லாமல்தான் பேசும். நெட்வொர்க் கார்டின் அமைப்பில் வீலேன் நம்பர் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு போர்ட்டைத் தற்காலிகமாக ஆக்சஸ் 301 ஆக்கி மாட்ட வேண்டும். பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் டேக் தெரியவில்லை என்பதால் டேக் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பல கார்டுகளின் டிரைவரே டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மேலே கொடுக்கும்.

"பிங் போகுது, வாட்ஸ்ஆப் மெசேஜ் போகுது. ஆனா வெப்சைட் பாதியில நிக்குது."

சின்னப் பாக்கெட் போய்ப் பெரியது விழுகிறது. சாதாரண ஈதர்நெட் ஃப்ரேமின் உச்ச அளவு 1518 பைட். டேக் சேர்ந்தால் 1522. எங்கோ ஒரு போர்ட்டில் உச்ச அளவு 1518 என்று வைத்திருந்தால் முழு அளவு ஃப்ரேம்கள் எல்லாம் அங்கே விழும்.

பிங்கின் அளவை 1472 என்று வைத்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியையும் சேர்த்து அனுப்புங்கள். 1472-உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். அது போகவில்லை, 1400 போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். எல்லா ஹாப்பிலும் உச்ச அளவை 2000-க்குக் குறையாமல் வைத்துவிடுங்கள். நான் புதிய ரேடியோவைப் பெட்டியில் இருந்து எடுத்ததும் முதலில் செய்வது இதைத்தான்.

"வெயில் காலத்துல எல்லாம் ஜோரா ஓடுது. ஐப்பசி மழை பிடிச்சா வாய்ஸ் அறுந்து அறுந்து வருது. வீலேன் தப்பா?"

நம்பர் தப்பில்லை, முன்னுரிமை தப்பு. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக மழைத்துளி சிக்னலை அதிகமாக விழுங்கும். 7 கிகாஹெர்ட்ஸ் தாங்கும் மழையில் 15, 18, 23 எல்லாம் திணறும். அறுந்துபோகாமல் இருக்க ரேடியோ தானே மாடுலேஷனை (காற்றில் ஒரு தடவைக்கு எத்தனை பிட் ஏற்றுவது என்ற முறை) இறக்கிக்கொள்ளும். 256 க்வாமில் ஒரு சிம்பலுக்கு 8 பிட் போகும். க்யூபிஎஸ்கேயில் 2 பிட். அதாவது 160 எம்பிபிஎஸ் ஓடிய ஹாப் சுமார் 40-க்கு வந்துவிடும். லிங்க் அப்தான், குழாய் மட்டும் கால்வாசி.

இப்போது எதை விடுவது, எதை நிறுத்துவது? இரண்டாவது பதிலில் சொன்ன 3 பிட் இங்கேதான் வேலை செய்யும். 0 முதல் 7 வரை எட்டு நிலை. மேனேஜ்மென்ட், டைமிங் இரண்டும் மேலே, வாய்ஸ் 201 அதற்கு அடுத்து, கேமரா 401 நடுவில், இன்டர்நெட் 301 கீழே என்று வைப்பேன். 4ஜி, 5ஜி பேஸ் ஸ்டேஷனுக்கு 1588 பாக்கெட்டில் (கடிகாரங்களை ஒத்துவைக்கும் தரநிலை) டைமிங் போகிறது என்றால் அதைக் கீழே தள்ளவே கூடாது. முன்னுரிமையை டேக்கில் எழுதினால் மட்டும் போதாது, ரேடியோவின் க்யூ (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) அதைப் படிக்கும்படி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் தொடக்கத்தில் எல்லாம் ஒரே க்யூவில்தான் கிடக்கும். வாடிக்கையாளர் எல்லாவற்றிலும் 7 போட்டு அனுப்பவும் கூடும். ஆக்சஸ் பக்கத்திலேயே வீலேனைப் பார்த்து நாமே எழுதிவிடுவது பத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் கரண்டே போய்விடும், ரேடியோ மட்டும் என்ன செய்யும். ஆனால் அதற்கு முந்தின, பிந்தின சாதாரணப் பெருமழையில் ஓர் ஆம்புலன்ஸ் கால் போவதா, ஒரு படம் டவுன்லோடு ஆவதா என்பதை நாம் வைத்த க்யூதான் தீர்மானிக்கிறது. இதை அலட்சியமாக விடக் கூடாது. மழையே இல்லாமல், உவரி, கூடங்குளம் கடலோரத்தில் காற்று அசையாத விடியற்காலையில் மட்டும் லிங்க் தடுமாறுகிறது என்றால் அது காற்றடுக்குகளால் சிக்னல் வளைந்து வரும் கோளாறு. அதற்கு வீலேனில் மருந்து இல்லை.

"ராதாபுரத்துல இருந்து திசையன்விளை வழியா திரும்பப் பாளையங்கோட்டைக்கு ரிங் போட்டோம். போட்டதும் மொத்தமும் செத்துப்போச்சு."

வட்டம் மூடியதும் பிராட்காஸ்ட் பாக்கெட் நிற்காமல் சுற்றும். ஒரு பாக்கெட் போதும், நெட்வொர்க் மூழ்க. முதல் வேலை, ஏதாவது ஒரு இடத்தில் கேபிளைப் பிடுங்குவது. அப்புறம் ஜி.8032 ரிங் பாதுகாப்பைப் போடுங்கள். வட்டத்தில் ஒரு இணைப்பை அது மூடியே வைத்திருக்கும். வேறெங்காவது அறுந்தால் 50 மில்லிவினாடிக்குள் திறந்துவிடும் என்பது அதன் இலக்கு. இதற்குக் கட்டுப்பாட்டு வீலேன் ஒன்று தனியாக வேண்டும். எல்லா நோட்டிலும் (நோட் என்பது வட்டத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டி) ஒரே நம்பர், வேறு ட்ராஃபிக் அதில் கூடாது. மூடியிருக்கும் இணைப்புக்குச் சொந்தக்காரர் ஒரே ஒரு நோட்தான்.

தந்திரமான இடம் இது: புதிய வீலேன் 302-ஐ நாங்குநேரி வழியாக மட்டும் சேர்த்திருப்பீர்கள். மாதக்கணக்கில் நன்றாக ஓடும். ஒருநாள் அந்தப் பக்கம் அறுந்து ட்ராஃபிக் திசையன்விளை வழியாகத் திரும்பும்போது 301 போகும், 302 போகாது. எல்லோரும் ரிங்கைக் குறை சொல்வார்கள். ரிங்கில் ஒரு வீலேன் சேர்த்தால் முழு வட்டத்திலும் சேர்க்க வேண்டும். பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வேண்டுமென்றே ஒரு பக்கத்தை அணைத்துப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு டிஷ், ரெண்டு ரேடியோ சேத்து டபுள் ஸ்பீடுன்னாங்க. ஒரு டவுன்லோடுக்கு பாதிதான் வருது?"

லேக் (LAG, பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது) முறையில் இணைத்திருப்பார்கள். அது முகவரியைப் பார்த்து ஒவ்வொரு ஓட்டத்தையும் ஏதாவது ஒரு ரேடியோவில் ஏற்றிவிடும். இரண்டு ரவுட்டர் மட்டும் பேசிக்கொண்டால் மேக் ஜோடி ஒன்றுதான், மொத்தமும் ஒரே பக்கம் சாயும். ஐபி முகவரியையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ரேடியோவிலேயே பிட் அளவில் பிரித்து ஏற்றும் வசதி இருந்தால் அதுவே மேல்.

"வேற ஒருத்தர் நம்ம லிங்க்கை வாடகைக்குக் கேக்காரு. அவருக்கு 50 வீலேன் இருக்காம். அத்தனையும் நான் போடணுமா?"

வேண்டாம். அவருடைய டேக்குக்கு மேலே நம்முடைய டேக் ஒன்றை ஒட்டி அனுப்பலாம். க்யூ-இன்-க்யூ என்பது இதுதான், 802.1ஏடி. அவருடைய லோடு மொத்தத்தையும் சாக்கில் கட்டிச் சாக்கின் மேல் நம் குறி. நடுவில் உள்ள ஹாப்களுக்கு வெளிக்குறி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அவர் 301 என்று வைத்திருந்தாலும் நம் 301-ஓடு மோதாது.

கவனிக்க இரண்டு உண்டு. வெளி டேக்கின் அடையாள எண் தரநிலைப்படி 88ஏ8. ஆனால் சில பெட்டிகள் 8100 அல்லது 9100 போடும். இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் மேக் டேபிளில் ஒன்றுமே தெரியாது, தலை சுற்றும். அப்புறம், டேக் இரண்டானால் ஃப்ரேம் 1526. பாதியில் நிற்கும் வெப்சைட் பற்றிச் சொன்னதை இங்கே மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்களுது 5 கிகாஹெர்ட்ஸ் சின்ன ரேடியோ. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?"

பொருந்தும். பிரிட்ஜ் முறையில், அந்தப் பக்கத்து மேக் முகவரிகளை அப்படியே கடத்தும்படி வைத்திருக்க வேண்டும். டேக் தானாகவே போகும். இந்த ரேடியோக்களில் பெரும்பாலும் ஒரே ஒரு லேன் போர்ட். கரண்டும் டேட்டாவும் மேனேஜ்மென்ட்டும் அதில்தான். ஆகவே மேனேஜ்மென்ட் வீலேனை மாற்றும்போது கயிறு அறுந்தால் பின்வாசல் கிடையாது. தூரத்துப் பக்கம் முதலில் என்பது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

"எல்லாம் போட்டு முடிச்சு டெஸ்ட்டும் ஓகே. கிளம்பலாமா?"

சேவ் செய்தீர்களா? சில பெட்டிகளில் ஓடும் கான்ஃபிகரேஷன் வேறு, சேமித்த கான்ஃபிகரேஷன் வேறு. டீசல் தீர்ந்து பேட்டரியும் படுத்து ரேடியோ திரும்பக் கிளம்பும்போது, நீங்கள் சேர்த்த 301 இருக்காது. யாருக்கும் காரணம் புரியாது. இரு முனையிலும் சேவ் கொடுத்து, கான்ஃபிக் ஃபைலை இறக்கி, சைட் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். பழைய பேக்கப்பை அழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு பேட்ச் கார்டின் இரு நுனியிலும் எந்த போர்ட், எந்த வீலேன்கள் என்று எழுதி ஒட்டுங்கள். டிக் அடித்த அந்தத் தாளைக் கசக்கிப் போடாமல், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஐடியு ரேக் கதவின் உள்பக்கம் டேப் வைத்து ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஐப்பசியில் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சோடு அங்கே வந்து நிற்கும் தம்பி முதலில் அந்தக் கதவைத்தான் திறப்பார்.